பானை ஓடு கிடைத்தால் திட்டம் நின்றுவிடுமா?

"ஒரு பானை ஓடு கிடைத்தால் போதும், காற்றாலை, எரிவாயுக் குழாய் எல்லாம் அத்தோடு நின்றுவிடும்" என்று கட்டுமானத்துக்கு முன் நடக்கும் தொல்லியல் ஆய்வைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். அப்படி இல்லை. முன்கூட்டியே ஆய்வு செய்வதே வேலை நின்றுவிடாமல் இருக்கத்தான். முதலில் பழைய வரைபடங்களையும் பதிவுகளையும் பார்ப்பார்கள். அப்புறம் களத்தில் நடந்து பார்த்து, புதைந்திருப்பதைக் கண்டறிய மண்ணின் காந்தப்புல மாறுபாட்டை அளந்து, சந்தேகப்படும் இடங்களில் மட்டும் சோதனைக் குழி தோண்டுவார்கள். ஏதாவது தென்பட்டால் பெரும்பாலும் குழாயின் பாதையைச் சற்று விலக்குவார்கள், இல்லையென்றால் ஒரு காற்றாலைக் கோபுரத்தின் இடத்தை மாற்றுவார்கள். அதற்கும் வழியில்லையென்றால் அகழ்ந்து பதிவு செய்துவிட்டுக் கட்டுமானம் தொடரும்.

நீங்கள் சான்றாகக் காட்டிய அமெரிக்காவின் தேசிய வரலாற்றுப் பாதுகாப்புச் சட்டமும் (1966, பிரிவு 106) திட்டத்தைத் தடுக்கச் சொல்லவில்லை. பாதிப்பைக் கணக்கில் எடு, சம்பந்தப்பட்டவர்களைக் கலந்து பேசு என்பதோடு சரி. பழமையைக் காக்க நினைப்பவர்களின் மனக்குறையே அதுதான்!

எகிப்தில் நைல் ஆற்றின் மேல் கட்டிய அஸ்வான் உயர் அணையையே பாருங்கள். 1964 முதல் 1968 வரை அணை நீரில் மூழ்கவிருந்த பழங்கால அபு சிம்பல் கோயில்களை அறுத்து, சுமார் 65 மீட்டர் மேலே நகர்த்திவைத்தார்கள். அணை வேலை நிற்கவில்லை. இடம்பெயர்ந்தது கோயில்தான்.

தாமதம் ஆகும் என்றால் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பள்ளம் தோண்டிய பிறகு கல்லறை தென்பட்டு, வாடகைக்கு எடுத்த இயந்திரங்களைச் சும்மா நிறுத்திவைக்கும் தாமதம் அதைவிடப் பெரிது.