வாடகை சரியாக இருந்தால் போதுமா?

"சந்தை வாடகையைத்தானே கொடுக்கிறார், அப்புறம் என்ன?" டிரஸ்டுக்குச் சொந்தமான கடையை டிரஸ்டிகளில் ஒருவரே குத்தகைக்கு எடுக்கிறார், யாராவது முனகினால் உடனே வந்து விழும் பதில் இதுதான். என்னைக் கேட்டால் இது பதிலே இல்லை. விடுகிறவரும் எடுக்கிறவரும் ஒரே ஆள் என்றால், அதுதான் சந்தை வாடகை என்று முடிவு செய்தது யார்?

இந்த வாதத்துக்கு 1726-லேயே சமாதி கட்டியாகிவிட்டது. லண்டன் பக்கத்தில் ராம்ஃபோர்ட் சந்தையின் குத்தகை ஒரு சின்னப் பையனுக்காக ஒரு டிரஸ்டியின் கையில் இருந்தது. காலம் முடிகிற நேரத்தில் பையனுக்காகப் புதுப்பித்துத் தரச்சொல்லி அவர் ஒழுங்காகத்தான் கேட்டார். சந்தையின் உரிமையாளர் முடியாது என்றுவிட்டார், நாளைக்குப் பாக்கி விழுந்தால் மைனரிடம் போய் எப்படி வசூலிப்பது என்று. சரி, பையனுக்குத்தான் கிடைக்கப்போவதில்லையே என்று டிரஸ்டி தன் பெயரில் எடுத்துக்கொண்டார். இதில் மோசடி ஒன்றும் இல்லை. இருந்தும் அப்போது லார்ட் சான்சலராக, அதாவது இங்கிலாந்தின் உயர் நீதிபதியாக இருந்த கிங் என்பவர், குத்தகையையும் அதில் வந்த லாபத்தையும் பையனுக்கே கொடு என்று தீர்ப்பளித்தார். ஊரில் வேறு யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், இந்த ஒருத்தர் மட்டும் எடுக்கக் கூடாது என்பதுதான் அதன் சாரம். கடுமையாகத் தோன்றலாம் என்று அவரே ஒத்துக்கொண்டார். ஆனால் இதை விட்டுவிட்டால் எந்த டிரஸ்டி பயனாளிக்காக மெனக்கெட்டுக் குத்தகையைப் புதுப்பிப்பார்?

நம்முடைய 1882 டிரஸ்ட் சட்டமும் இதே ரகம்தான். டிரஸ்டி மட்டுமில்லை, அண்மையில் பதவியை விட்டவர்கூட, டிரஸ்ட் சொத்தை வாங்கவோ அடமானமாகவோ குத்தகையாகவோ எடுக்கவோ உரிமையியல் நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும் என்கிறது 53-வது பிரிவு. அதுவும் பயனாளிக்கு வெளிப்படையாகவே நன்மை இருந்தால்தான் அனுமதி. இன்றைக்கு ராஜினாமா, நாளைக்குக் கிரயம் என்ற வித்தையை 140 வருஷத்துக்கு முன்னாலேயே யோசித்து வைத்திருக்கிறார்கள். இந்தச் சட்டம் குறிப்பிட்ட சிலருக்காக ஏற்படுத்திய தனியார் டிரஸ்டுகளுக்குத்தான், பொது அறக்கட்டளைகளுக்கு நேரடியாகப் பொருந்தாது. ஆனாலும் இதே கொள்கையைத்தான் நீதிமன்றங்கள் அவற்றின் மீதும் வைத்துப் பார்க்கின்றன.

நடைமுறையில் என்ன நடக்கிறது? தீர்மானப் புத்தகத்தில் "மேற்படி உறுப்பினர் இப்பொருளில் கலந்துகொள்ளவில்லை" என்று ஒரு வரி. நான் பார்த்த ஒரு கூட்டத்தில் மேற்படி உறுப்பினர் வராந்தாவில் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தார். உள்ளே அவருடைய சம்பந்தி, அவரிடம் கைமாற்று வாங்கியவர், அப்புறம் அரைத்தூக்கத்தில் ஒரு பெரியவர். டீ வருவதற்குள் தீர்மானம் ஏகமனதாக நிறைவேறிவிட்டது. கையெழுத்துப் போட மேற்படியாரே உள்ளே வந்து பேனா நீட்டினார்.

நீதிமன்றம் எல்லாவற்றிலும் மூக்கை நுழைக்காது, நுழைக்கவும் கூடாது. எந்த மாணவனுக்கு உதவித்தொகை, எந்த வருஷம் கட்டடத்துக்கு வெள்ளையடிப்பது என்பதையெல்லாம் டிரஸ்டிகள் நல்லெண்ணத்தோடு முடிவு செய்தால், நானாக இருந்தால் வேறு மாதிரி செய்திருப்பேன் என்று நீதிபதி சொல்ல மாட்டார். ஆனால் அந்த மரியாதை சொந்த ஆதாயம் இல்லாத முடிவுக்குத்தான். ஆதாயம் உள்ளே வந்துவிட்டால் நியாயம்தான் என்று நிரூபிக்கிற பாரம் டிரஸ்டி தலையில். ஒரு முடிவில் சந்தேகம் இருக்கிறதா, தனியார் டிரஸ்ட் என்றால் வழக்கே போடாமல் 34-வது பிரிவில் மனுப் போட்டு நீதிமன்றத்தின் கருத்தைக் கேட்கலாம். உண்மையை மறைக்காமல் கேட்டு, அதன்படி நடந்தால் டிரஸ்டிக்கே பாதுகாப்பு. இவ்வளவு வசதி இருந்தும் ஒருத்தர் கேட்கப் போகவில்லை என்றால் எனக்குச் சந்தேகம் வரத்தான் செய்யும்.

பொது அறக்கட்டளை என்றால் சிவில் நடைமுறைச் சட்டத்தின் 92-வது பிரிவு இருக்கிறது. அக்கறை உள்ள இரண்டு பேர் நீதிமன்றத்தின் அனுமதியோடு வழக்குப் போட்டு, கணக்குக் கேட்கலாம், டிரஸ்டியை நீக்கக்கூடக் கேட்கலாம். இடிப்பது அங்கேதான். அந்த இரண்டு பேர் யார்? உதவித்தொகை வாங்குகிற பையனின் அப்பாவா வக்கீல் பீஸ் கட்டுவார்? கட்டினாலும் தீர்ப்பு வருவதற்குள் கடை உள்வாடகைக்குப் போய், அங்கே இருப்பவரும் வழக்கில் ஒரு கட்சிக்காரராக வந்து நிற்பார்.

அதனால் பொது அறக்கட்டளைக்கும் முன் அனுமதி என்பதைச் சட்டத்திலேயே நேரடியாக எழுத வேண்டும் என்பது என் கட்சி. அதுவரை, டிரஸ்ட் கூட்டத்தில் உட்காரும் நண்பர்கள் ஒன்று செய்யலாம். "நீதிமன்ற அனுமதி வாங்கியாகிவிட்டதா என்று கேட்டேன், இல்லை என்றார்கள், ஆகவே எதிர்த்தேன்" என்று தீர்மானப் புத்தகத்தில் உங்கள் பெயரோடு பதியச் சொல்லுங்கள். பதிய மறுத்தால் அன்றைக்கே பதிவுத் தபாலில் அனுப்பிவிடுங்கள், நகலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.