மீதிக் கதையையும் சொல்லிவிட்டுப் போங்கள் ஐயா

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் நடந்ததைப் பற்றி எழுதவே கூடாது என்று மூன்று நாளாக வாயைக் கட்டிக்கொண்டிருந்தேன். சுங்கை சிப்புட்டில் உள்ள எல்லாப் புலனக் (வாட்ஸ்அப்) குழுக்களிலும் அந்தக் காணொளி சுற்றி முடித்துவிட்டது. நேற்று ராத்திரி பினாங்கிலிருந்து என் நாத்தனார் அனுப்பி, "அண்ணி, இது உங்க தம்பியையா சொல்றாரு?" என்று கேட்டாள். அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை.

காணொளி பார்த்தவர்களுக்குத் தெரியும். இளைஞர்களுக்குத் தொழில் ஊக்கம் தர கோலாலம்பூரிலிருந்து வந்தவர். நல்ல கோட்டு, நல்ல குரல், நல்ல தமிழும்கூட. இந்தியாவின் காற்றாலைத் தொழிலதிபர் ஒருவருடைய கதையை ஆரம்பித்தார். துளசி தந்தி என்று அவர் பெயரைச் சொன்னதும் பின்வரிசையில் ஒரு தாத்தா "பேப்பரா?" என்று கேட்டார், அதுவரைக்கும் நானும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். தந்தி ராஜ்கோட்டில் பிறந்தவர், சூரத்தில் துணித் தொழில், கரண்டு பில் கழுத்தை நெரித்தது, 1990-இல் இரண்டு காற்றாலை வாங்கிப் போட்டார், 1995-இல் சுஸ்லான் என்ற காற்றாலைக் கம்பெனி, 2005-இல் பங்குச் சந்தை, அப்புறம் பெரும் பணக்காரர். கைத்தட்டல். அங்கே நிறுத்தி, ஒரு மிடறு தண்ணீர் குடித்துவிட்டு, "இந்த ஊர்லயும் ஒருத்தர் சோலார் சோலார்னு கிளம்பினாராமே? இப்ப கேஸ் லோரி ஓட்டுறாராம். கனவு மட்டும் போதாது தம்பிகளா, நெருப்பு வேணும்!" என்றார். சிரிப்பு. தலைவர்தான் முதலில் சிரித்தார்.

அந்த மைக் செட்டைக் காலையில் ஆறரைக்கே வந்து கட்டிக் கொடுத்ததே அந்த "ஒருத்தர்"தான். கூலி வாங்கவில்லை. ஸ்பீக்கர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தவன், எதுவும் பேசாமல் வெளியே போய்விட்டான்.

ஐயா, கதை சொல்லுங்கள், வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. பாதிக் கதையைச் சொல்லி அதை வைத்து எங்கள் பிள்ளைகளை அடிக்காதீர்கள். 2005-இல் முடிகிற கதையா அது? மீதி எங்கே?

மீதியை நான் சொல்கிறேன். நான் ஒன்றும் மேதை இல்லை, இரும்புக் கடையில் கணக்கு எழுதுகிறவள். என் தம்பி கடையில் சாமி படத்துக்குப் பக்கத்தில் தந்தி படத்தைப் பத்திரிகையிலிருந்து வெட்டி ஒட்டி வைத்திருந்தான். எனக்கு அந்த மனிதரைப் பற்றித் தெரிந்ததில் பாதி, அவன் சோறு தின்னும்போது சொன்னது.

சுஸ்லான் என்ற பெயரே அறிவுக்கான குஜராத்திச் சொல்லையும் 'லோன்' என்பதையும் சேர்த்து வைத்தது என்பார்கள். பெயரிலேயே கடன்! 2006-இல் பெல்ஜியத்து ஹான்சென் கம்பெனியை வாங்கினார், காற்றாலைக்குக் கியர்பெட்டி செய்கிறவர்கள். 2007-இல் பிரெஞ்சுக் கம்பெனி அரேவாவோடு ஏலத்தில் மல்லுக்கட்டி ஜெர்மனியின் காற்றாலைக் கம்பெனி ரீபவர். எல்லாம் கடன் பலத்தில்தான். ரீபவரை வாங்கியும், சிறு பங்குதாரர்கள் உள்ளே இருக்கும்வரை அதன் பணத்திலும் தொழில்நுட்பத்திலும் அவர் இஷ்டத்துக்குக் கை வைக்க ஜெர்மன் சட்டம் விடவில்லை. 2011 வரை அந்த இழுபறி. வீட்டை வாங்கியாயிற்று, சமையற்கட்டுச் சாவி கைக்கு வரவில்லை என்ற கதைதான்.

நடுவில் 2008-இல் அமெரிக்காவில் போட்ட காற்றாலைகளின் இறக்கைகளில் விரிசல். 1,251 இறக்கைகளைப் பலப்படுத்திக் கொடுக்கிறோம் என்று கம்பெனியே அறிவித்தது. ஓர் இறக்கை நாற்பது மீட்டருக்கு மேல் நீளம். அதைக் கீழே இறக்கிச் சரிசெய்து மறுபடி ஏற்றுவது என்ன சைக்கிள் டயர் மாற்றுகிற வேலையா? அதே வருஷம் உலகமே பணமுடையில் விழுந்தது, ஆர்டர் வற்றியது. 2012 அக்டோபரில் 20.9 கோடி டாலர் கடன் பத்திரத்துக்குத் தவணை சொல்லிக் கேட்டு, கிடைக்காமல், கட்ட முடியாமல் நின்றார். 2015-இல் அவ்வளவு போராடி வாங்கிய அந்த ஜெர்மன் கம்பெனியையே 100 கோடி யூரோவுக்கு விற்றார். 2019-இல் மறுபடியும் தவணை தவறியது.

இதில் எதை ஐயா மேடையில் சொன்னீர்கள்? 2012-இல் அவரைப் பார்த்திருந்தால் அவரையும் "நெருப்பு இல்லாதவர்" என்றுதானே சொல்லியிருப்பீர்கள்?

உடனே வருவார்கள், எனக்குத் தெரியும். "ஊக்கம் கொடுக்க வந்தவர் கடன் கணக்கா வாசிப்பார்?" வாசிக்கட்டுமே! எங்கள் பிள்ளைகளுக்குக் கடன் என்றால் என்ன என்று தெரியாமலா இருக்கிறது? வட்டிக்காரன் வீட்டுக் கதவில் சிவப்புச் சாயம் ஊற்றிவிட்டுப் போனதைப் பார்த்த பிள்ளைகள் அந்த மண்டபத்தில் எத்தனை பேர் உட்கார்ந்திருந்தார்கள் என்று அவருக்குத் தெரியுமா?

"அவர் உன் தம்பியைச் சொல்லவில்லை, பொதுவாகச் சொன்னார்." சரி. இந்த ஊரில் சோலார் கடை வைத்து மூடி, கேஸ் லோரி ஓட்டுகிறவர்கள் எத்தனை பேர்? எண்ணிச் சொல்லுங்கள், காத்திருக்கிறேன்.

"தந்தியை நம்பிப் பங்கு வாங்கியவன் தெருவுக்கு வந்தானே, அவர் என்ன மகானா?" இது நியாயமான கேள்வி, மறுக்கவில்லை. 2008 தொடக்கத்தில் உச்சத்தில் இருந்த பங்கு, பின்னால் இரண்டு ரூபாய்க்கும் இறங்கியது. நடுத்தரக் குடும்பத்துக் காசு எவ்வளவு போயிருக்கும். அவரை நான் கோயிலில் வைக்கச் சொல்லவில்லை. முழு மனிதனாகக் காட்டுங்கள் என்கிறேன், அவ்வளவுதான்.

எங்கள் அப்பா ரப்பர்த் தோட்டத்து எஞ்சின் ரூமில் வேலை பார்த்தார். பால்மரம் நின்ற காலம், செம்பனை வராத நேரம். சாயங்காலம் ஆறரைக்கு லயத்தில் லைட் எரியும், பத்து மணிக்கு நிற்கும். நிறுத்துவதற்கு முன்னால் அப்பா ஒருமுறை மினுக்கிக் காட்டுவார். பாயை விரி, மண்ணெண்ணெய் விளக்கைத் தேடு என்று அர்த்தம். தம்பி மட்டும் அந்த நேரத்தில் எஞ்சின் ரூம் வாசலில் உட்கார்ந்திருப்பான். "ஏம்பா பத்து மணிக்கு மேல நமக்கு லைட் கிடையாது, துரை பங்களாவுல மட்டும் எரியுது?" என்று கேட்டதற்கு அப்பா ஒன்றும் சொல்லவில்லை. எண்ணெய்க் கையால் அவன் தலையைத் தடவினார், அம்மா மறுநாள் சீயக்காய் போட்டுத் தேய்த்தும் போகவில்லை.

அவனிடம் நெருப்பு இல்லையாம்.

2011 டிசம்பரில் கூரையில் சோலார் போட்டு எடுக்கிற மின்சாரத்தை விற்கலாம் என்று நம் நாட்டில் திட்டம் வந்தபோது அவன் பேசாத ஆள் இல்லை. அப்புறம் கடை போட்டான். முதலில் சுடுதண்ணீர் டாங்கி, பிறகு சோலார் தகடு. தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகளில் ஏணி வைத்து ஏறி ஓடு எண்ணுவான். ஒரு வீட்டில் கூரைக் கட்டை கறையான் அரித்திருக்கிறது, தகடு வேண்டாம், முதலில் கட்டையை மாற்றுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தான். அந்த வியாபாரம் போனது. 2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாடு. முன்பணம் வாங்கியாயிற்று, சரக்கு வரவில்லை, கூரை ஏற அனுமதி இல்லை.

முன்பணத்தை எடுத்து வேறு சரக்குக்குப் போட்டது அவன் தப்பு. கணக்கு எழுதினவள் நான், எனக்குத் தெரியாதா? அதற்காக அன்றே திட்டினேன். அது எங்கள் வீட்டு விஷயம், மேடையில் சிரிக்கிற விஷயம் இல்லை.

ஆனால் அதற்குப் பிறகு நடந்ததை யாராவது அந்தப் பேச்சாளரிடம் சொன்னீர்களா? தீபாவளிக்கென்று கடைப் பெயரும் சூரியன் படமும் போட்டு அன்பளிப்புப் பணம் வைத்துக் கொடுக்கிற அங்பாவ் உறை ஐந்நூறு அச்சடித்து வைத்திருந்தான். அந்த உறைகளில் முன்பணத்தைப் போட்டு வீடு வீடாகப் போய்த் திருப்பிக் கொடுத்தான். வேனை விற்றான், அம்மாவின் சங்கிலியும் போனது. கடைசி உறை கொடுத்தது 2022-இல். வாங்கினவர்களில் நாலு பேர் ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் இருந்தார்கள். சிரித்தீர்களா இல்லையா என்று நான் கேட்கவில்லை, காணொளியில் தெரிகிறது.

"தம்பி என்பதால் கொதிக்கிறாய்" என்றால், ஆமாம், அதனால்தான். வேறு எதற்குக் கொதிப்பேன்?

இதே ஊர்க்காரர், மந்திரியாக இருந்த துன் சம்பந்தன், முதலாளிகள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றபோது, தோட்டம் வாங்கத் தொழிலாளியிடம் பத்து பத்து வெள்ளியாகச் சேர்த்து 1960-இல் கூட்டுறவுச் சங்கம் ஆரம்பித்தவர். அன்றைக்கும் "இது நடக்கிற காரியமா" என்று சிரித்தவர்கள் இருந்திருப்பார்கள். சிரிப்பதற்கு நமக்கு ஆள் பஞ்சமே இல்லை.

போன தடவை தமிழ்நாடு போனபோது முப்பந்தல் இசக்கியம்மன் கோயிலுக்கு நேர்த்திக்கடன் செலுத்தப் போனோம். வேனை விட்டு இறங்கினால் திரும்பின பக்கமெல்லாம் காற்றாலை. ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று சேலையைப் பிடுங்குகிறது. நான் அம்மனைப் பார்க்கிறேன், இவன் அண்ணாந்து ஒவ்வோர் இறக்கையாக எண்ணுகிறான். எது சுஸ்லான், எது வேறு கம்பெனி என்று தூரத்திலிருந்தே சொல்கிறான். அப்போது கடை மூடி ரொம்ப நாள் ஆகிவிட்டது.

துளசி தந்தி 2022 அக்டோபர் 1-ஆம் தேதி இறந்தார். கடனைக் குறைக்க 1,200 கோடி ரூபாய்க்குப் பங்கு வெளியீடு, அதற்குப் பத்தே நாள்தான் இருந்தது. அந்த வேலையாக அகமதாபாத் போய்விட்டுப் புனே திரும்பியபோது மாரடைப்பு. 64 வயது. அப்புறம் ஒன்றிரண்டு வருஷத்திலேயே கடன் தீர்ந்து கம்பெனி நிமிர்ந்தது, அதைப் பார்க்க அவர் இல்லை. செய்தி வந்த அன்று தம்பி லோரியை வாசலில் நிறுத்திவிட்டு வந்து, "அவர் போய்ட்டாருக்கா" என்றான். யார் என்று நான் கேட்கவில்லை. அன்றைக்கு அவன் சாப்பிடவும் இல்லை.

அந்த ஆளிடம்தான் ஐயா, நீங்கள் தந்தி கதையைச் சொன்னீர்கள்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே தலைவர் அவனுக்குப் போன் அடித்துவிட்டார். மன்னிப்புக் கேட்கத்தானோ என்று எட்டிப் பார்த்தேன். மைக் ஒயர் இன்னும் மேடையிலேயே கிடக்கிறதாம், சனிக்கிழமை கல்யாணம் இருக்கிறதாம், வந்து சுருட்டி எடுக்கச் சொல்கிறார். போயிருக்கிறான்.