தலைசுற்றலுக்கெல்லாம் கழுத்து எலும்பு காரணமில்லை
வயதானவர்களின் தலைசுற்றல் பெரும்பாலும் கழுத்து எலும்புத் தேய்மானத்தால்தான் என்று இந்தக் கட்டுரை சொல்வதை ஏற்க முடியவில்லை. என் அம்மாவுக்குப் படுக்கையில் புரண்டாலே வீடே சுழலும், ஒரு நிமிடத்துக்குள் நின்றுவிடும். கழுத்துப் பட்டை, மாத்திரை என்று மாதக்கணக்கில் ஓடியது. அப்புறம் ஒரு காது மூக்கு தொண்டை மருத்துவர் அவரைப் படுக்க வைத்துத் தலையைத் திருப்பி, கருவிழி துடிப்பதைப் பார்த்தே சொல்லிவிட்டார்: உள்காதில் இருக்கும் நுண்ணிய கால்சியம் கார்பனேட் துகள்கள் இடம் பெயர்ந்து, தலையின் அசைவை உணரும் அரைவட்டக் குழாய்க்குள் புகுந்திருக்கின்றன. எப்லி முறையில் தலையைப் படிப்படியாகத் திருப்பி அவற்றை அந்தக் குழாயிலிருந்து வெளியேற்றினார், அன்றே நன்றாகக் குறைந்தது. மாத்திரையால் அந்தத் துகள் நகராது. மேலே பின்னூட்டத்தில் ஒருவர் இப்படிப்பட்ட சுற்றலெல்லாம் மெனியர் என்ற உள்காது நோய் என்கிறார், அதுவும் சரியல்ல. மெனியரில் சுற்றல் 20 நிமிடம் முதல் மணிக்கணக்கில் நீடிக்கும், கூடவே காது இரைச்சலும் கேட்கும் திறன் குறைவும் வரும்.