தார் வேண்டாம், ஒரு பாலாங் போதும்

என் சைக்கிள் பையில் எப்போதும் நசுக்கிய சார்டின் டின் ஒன்று கிடக்கும். பங்சர் ஒட்டும் சாமான், இரண்டு போத்தல் தண்ணீர், நாசி லெமாக் பொட்டலம், அதோடு இந்த டின். "பாட்டி குப்பையைச் சுமந்துக்கிட்டுப் போறாங்க" என்று பேரப்பிள்ளைகள் சிரிக்கும். விஷயம் என்னவென்றால், மலேசியாவில், எங்கள் சிலாங்கூரின் ராஜா மூசா காட்டோரத்தில் சைக்கிளை நிறுத்தி ஸ்டாண்டைத் தட்டிவிட்டால் அது நிற்காது. ஸ்டாண்டின் கால் மெல்ல மெல்ல மண்ணுக்குள் இறங்கும். தண்ணீர் குடித்துவிட்டு மூடியைத் திருகுவதற்குள் சைக்கிள் சாய்ந்து படுத்திருக்கும். அடியில் டின்னை வைத்தால் சமாளிக்கலாம்.

அந்த மண்ணை மலாயில் தானா கம்புட் என்பார்கள். எழுத்துத் தமிழில் கரிச்சதுப்பு. பால்மரம் சீவிய என் அம்மா அதைப் பஞ்சு மண் என்பார், எனக்கு அதுதான் பிடிக்கும். விழுந்த மரமும் இலையும் வேரும் தண்ணீருக்குள்ளேயே கிடந்து, காற்றுப் படாததால் முழுக்க மக்காமல், ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக ஒன்றின்மேல் ஒன்றாகச் சேர்ந்த மண். ஒரு கை அள்ளிப் பிழிந்தால் பால் சேர்க்காத தே ஓ நிறத்தில் தண்ணீர் ஒழுகும். கையில் மிஞ்சுவது கொஞ்சம் நாரும் சுள்ளியும்தான்.

நான் பத்தாங் பெர்ஜுந்தாய்க்காரி. 2007இல் ஊர்ப் பெயரைப் பெஸ்தாரி ஜெயா என்று மாற்றினார்கள், எங்கள் வயதுக்காரர்களின் வாய் இன்னும் மாறவில்லை. ஊரைச் சுற்றிச் செம்பனைத் தோட்டங்கள், பழைய ஈயச் சுரங்க லம்பத்துக் குளங்கள், அப்புறம் லோரிகள். மணல் லோரி, பழக்குலை லோரி, எல்லாம் ஒரே ரோட்டில்தான். மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு மணல் லோரி என்னை உரசவில்லை, இடிக்கவில்லை, பக்கத்தில் போன வேகத்தின் காற்றிலேயே நான் பாரிட்டுக்குள், அதாவது வடிகாலுக்குள், விழுந்தேன். முழங்கை எலும்பு விட்டுப்போனது. பார்க்க வந்த அத்தனை பேரும் சொன்னது ஒன்றே ஒன்று: "இந்த வயசுல சைக்கிள் எதுக்கு டீச்சர்?" அந்த லோரிக்கு ரோட்டில் என்ன அவசரம் என்று ஒருத்தர் கேட்கவில்லை. இன்றைக்கும் அந்தக் கோபம் எனக்கு இருக்கிறது.

நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது தோட்டத்துச் செம்மண் ரோட்டில் விடியற்காலையில் சைக்கிள்கள்தான் போகும். லயத்திலிருந்து டவுன் சினிமா வரைக்கும் சைக்கிளிலேயே போய் வந்த ஜனம் நாம். இப்போது அதே தோட்டங்களில் நுழைவாயில், காவலர், "யாரைப் பார்க்கணும்?" பழத் திருட்டு நடக்கிறது, அவர்கள் பாடு அவர்களுக்கு. ஆனால் லயத்தை விட்டு டவுனுக்கு வந்த நமக்கு லோரி ரோட்டைத் தவிர வேறு பாதை இல்லாமல் போனது உண்மை.

கை தேறியதும் மகளைப் பார்க்க அயர்லாந்து போனேன். ஒரு நாள் என்னை லாக் பூரா என்ற இடத்துக்கு அழைத்துப் போனாள். ஓஃபலி மாவட்டத்தில் இருக்கிறது. ஒரு காலத்தில் முழுக்கக் கரிச்சதுப்பை வெட்டியெடுத்த நிலம். அந்த நாட்டில் அதை வெட்டிக் காயவைத்து அடுப்பெரிப்பார்கள், மின்சார நிலையத்துக்கும் அனுப்பினார்கள். போர்ட் நா மோனா என்ற அரசு நிறுவனம் 1946இலிருந்து இந்த வேலையைச் செய்து, 2021 தொடக்கத்தில் வெட்டுவதையே நிறுத்திவிட்டதாக அறிவித்தது. வெட்டி முடித்த இடத்தில் தண்ணீரைத் தேங்கவிட்டு, நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் பாதை போட்டிருக்கிறார்கள். வாடகைச் சைக்கிள் வாங்கிக்கொண்டு நாள் முழுக்கச் சுற்றினேன். ஒரு ஹார்ன் சத்தம் கிடையாது. காற்று, வாத்து, என் பெடல் கிறீச்சென்பது, அவ்வளவுதான். வெட்டிய கரிச்சதுப்பை ஏற்றிய குட்டி ரயிலின் பழைய இஞ்சினையும் பெட்டிகளையும் அப்படியே சிற்பமாக நிறுத்தியிருந்தார்கள். அதன் முன்னால் கொஞ்ச நேரம் நின்றேன். நம் தோட்டங்களில் எத்தனை பழைய சாமான் இரும்புக் கடைக்கு எடைக்குப் போயிருக்கும்!

அங்கே மண் பாசியால் ஆனது, நமக்கு மரத்தால் ஆனது. அதுதான் வித்தியாசம். மகளிடம் சொன்னேன்: "இதே மண் நம்ம ஊருக்கு மேற்கே இருக்கு, யாரும் போறதில்லை." அவள் நம்பவில்லை. இங்கேயே பிறந்து வளர்ந்தவள்!

திரும்பி வந்ததிலிருந்து தஞ்சோங் காராங் பக்கம் தாலி ஆயர் என்ற பாசனக் கால்வாயின் கரைக்குத்தான் போகிறேன். சைக்கிளைக் காரில் ஏற்றி, லோரி ரோடு முடிந்த பிறகு இறக்கிக்கொள்வேன். கரையில் ஏறினால் ஒரு பக்கம் காடு, ஒரு பக்கம் வயல், நடுவில் கறுத்த தண்ணீர். வட சிலாங்கூரின் இந்தச் சதுப்புக் காடு, ராஜா மூசாவும் சுங்கை காராங்கும் சேர்த்தால், எழுபதாயிரம் ஹெக்டருக்கு மேல் வரும். 1990இல்தான் நிரந்தர வனக்காப்பகமாக அறிவித்தார்கள். அதற்கு முன்னால் மரம் வெட்டி, வெட்டிய மரத்தை மிதக்கவிட்டு இழுக்கக் காட்டுக்குள் கால்வாய் தோண்டினார்கள். மரம் போனதைவிடப் பெரிய கேடு அந்தக் கால்வாய்கள்தான். தண்ணீர் வடிந்தால் பஞ்சு மண் காய்கிறது, காய்ந்தால் தீப்பிடிக்கிறது, அதுவும் தரைக்கு அடியில். 2014 தொடக்கத்தில் வறட்சியும் புகையும் சேர்ந்து வந்த நாட்கள் நினைவிருக்கிறதா? வகுப்பில் பிள்ளைகள் முகக்கவசத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். 2008இலிருந்து வனத்துறையும் குளோபல் என்விரான்மென்ட் சென்டர் என்ற தொண்டு நிறுவனமும் அந்தக் கால்வாய்களுக்குக் குறுக்கே தடுப்புப் போட்டுத் தண்ணீரை நிறுத்தி, மரக்கன்றும் நட்டு வருகிறார்கள். மெதுவான வேலை, நல்ல வேலை.

இதனால்தான் "காட்டுக்குள்ளே ஒரு சைக்கிள் டிரெக் போடச் சொல்லி மனு கொடுப்போம் டீச்சர்" என்று ஒரு தம்பி ஆர்வமாக வந்தபோது நான் வேண்டாம் என்றேன். அவனுக்கு வருத்தம். ஆனால் யோசித்துப் பாருங்கள். பஞ்சு மண்ணில் ரோடு போட வேண்டுமென்றால் முதலில் பக்கத்தில் பாரிட் வெட்ட வேண்டும். பாரிட் வெட்டினால் தண்ணீர் இறங்கும், தண்ணீர் இறங்கினால் மண்ணும் இறங்கும். இந்த மண்ணில் நட்ட செம்பனையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். வேர் வெளியே தெரிய, மரமெல்லாம் கள் குடித்ததுபோல் ஆளுக்கு ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும். வடித்த சதுப்பு வருடத்துக்குச் சில சென்டிமீட்டர் தாழ்ந்துகொண்டே போகும். அதன்மேல் தார் ஊற்றினால் சில மழைக்காலத்துக்குள் அது அலை அலையாக நெளிந்துவிடும். பழுது பார்க்க லோரி வரும். லோரி வந்த வழியில் மற்றதெல்லாம் வரும்.

நான் கேட்பது புதுப் பாதை இல்லை. ஏற்கெனவே கரை இருக்கிறது. ஞாயிறு காலை ஆறு மணியிலிருந்து பத்து மணி வரைக்கும், காட்டை ஒட்டிய ஒரு துண்டுக் கரையில், இரண்டு முனையிலும் ஒரு பாலாங், அதாவது குறுக்குத் தடுப்புக் கட்டை, போட்டு லோரியையும் காரையும் நிறுத்துங்கள். வயல்காரர்களின் மோட்டார் போகட்டும், அது அவர்கள் பிழைப்பு. அவர்கள் என்னைப் பார்த்து வேகத்தைக் குறைக்கிறார்கள், "பகி, சிக்கு" (காலை வணக்கம், டீச்சர்) என்று கையும் காட்டுகிறார்கள். டவுன் ரோட்டில் அந்த மரியாதை கிடைக்காது.

ஆள் நடமாட்டம் வந்தால் குப்பையும் சிகரெட் நெருப்பும் வரும் என்று சிலர் சொல்கிறார்கள். நியாயமான பயம். கரையோரத்தில் பாலிதீன் பையும் மைலோ பாக்கெட்டும் இப்போதே கிடக்கின்றன. ஆனால் யாரும் பார்க்காத காட்டுக்கு என்ன ஆகும் என்பதையும் பார்த்தோம். பந்திங் பக்கம் கோலா லங்காட் வடக்கு வனக்காப்பகத்தில் பெரும் பகுதியை மேம்பாட்டுக்கு விடுவதாக 2020இல் பேச்சு வந்தது, 2021இல் ஐந்நூறு ஹெக்டருக்கு மேல் பட்டியலிலிருந்து எடுத்தும்விட்டார்கள். தெமுவான் பூர்வகுடி மக்களும் சுற்றுச்சூழல்காரர்களும் விடாமல் குரல் கொடுத்த பிறகுதான் அந்த செப்டம்பரில் முடிவைத் திருப்பினார்கள். அந்தக் காட்டை நேரில் பார்த்த தமிழர் நம்மில் எத்தனை பேர்? நானே பார்த்ததில்லை, வெட்கத்தோடு சொல்கிறேன்.

இந்தக் கரையில் சைக்கிளை நிறுத்தி ஓரமாகக் குந்தி உட்கார்ந்தால் தெரியும். கறுத்த தண்ணீர் முதலில் கண்ணாடி மாதிரி மேகத்தைத்தான் காட்டும். கொஞ்ச நேரம் அசையாமல் இருந்தால் அடியில் கிடக்கும் இலைகளுக்கு நடுவே சின்னதாக ஒன்று நகரும். சண்டை மீன். வட சிலாங்கூர்ச் சதுப்புத் தண்ணீருக்கே உரிய ஒரு சண்டை மீன் இனம் இருக்கிறது, பெட்டா லிவிடா என்று பெயர். புளித்த, கறுத்த தண்ணீர்தான் அதற்கு வீடு. நான் பார்த்தது அதுதானா, வேறு இனமா என்று பிரித்துச் சொல்லும் கண் எனக்கு இல்லை. பார்த்துவிட்டு எழுந்திருக்க முழங்கால் வலித்தது, அது வேறு கதை.

காட்டுக்குள் நுழைய வனத்துறை பெர்மிட் வேண்டும், அதனால் நாம் கரையைத் தாண்டப் போவதில்லை. வருகிற ஞாயிறு ஆறரைக்குச் சைக்கிளை இறக்குகிறேன். பெண்பிள்ளைகள் தாராளமாக வரலாம், வேகமாக ஓட்டுகிறவர்கள் முன்னால் போய்க் காத்திருக்க வேண்டியிருக்கும். ஒல்லி டயர் வேண்டாம். சனிக்கிழமை பெரிய மழை பெய்தால் நான் வரமாட்டேன், அந்த மண் ஒட்டினால் இரண்டு நாளைக்கு மட்கார்டை விடாது.