தலைக்கு 15,000 ரூபாயை யாரும் சுருட்டவில்லை

2020 மே 12 அன்று பிரதமர் மோடி அறிவித்த 20 லட்சம் கோடி ரூபாய் கொரோனா நிவாரணத் திட்டத்தை 130 கோடி மக்களால் வகுத்து, 'தலைக்கு 15,000 ரூபாய் வரவேண்டும், யாரோ சுருட்டிவிட்டார்கள்' என்று ஒரு வாட்ஸ்அப் கணக்கு சுற்றுகிறது. வகுத்தல் சரி; ஆனால் அது மொத்தமும் கையில் கொடுக்கும் பணமல்ல. சுமார் 8 லட்சம் கோடி, ரிசர்வ் வங்கி எடுத்த பணப்புழக்க நடவடிக்கைகள்: வங்கிகளிடம் கடன் கொடுக்கப் போதிய பணம் இருக்கும்படி செய்தவை. இன்னொரு 3 லட்சம் கோடி, சிறுதொழில்களுக்கு அடமானமில்லாக் கடன்: பட்டறைக்காரர் வங்கியில் வாங்கி வட்டியோடு திருப்பிக் கட்டவேண்டியது. அரசு தந்தது உத்தரவாதம் மட்டுமே. நேரடியாக வந்ததில் ஒன்று, ஜன்தன் கணக்குள்ள பெண்களுக்கு மாதம் 500 ரூபாய், மூன்று மாதம்; பாஸ்புக்கில் மூன்று வரி. உண்மையான அரசுச் செலவு நாட்டின் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் (ஜிடிபி) 1 சதவீதம்கூட இல்லை என்று ப.சிதம்பரம் அப்போதே வாதிட்டார். கோபப்பட வேண்டுமானால் அதற்குக் கோபப்படுங்கள்.