எல்லாவற்றையும் ‘கிண்டல்’ என்று சொல்லலாமா?

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு பெண் தம் மேலாளரைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய புகார்க் கடிதத்தைத் தமிழாக்கும் பணி என்னிடம் வந்தது. ‘டீஸ்’, ‘மாக்’, ‘டான்ட்’ என்னும் மூன்று வினைச்சொற்களை மூன்று வெவ்வேறு நிகழ்வுகளுக்கு அவர் பார்த்துப் பார்த்துப் பயன்படுத்தியிருந்தார். நானோ அவசரத்தில் மூன்றையும் ‘கிண்டல் செய்தார்’ என்றே எழுதிக் கொடுத்துவிட்டேன். அதைப் படித்த ஒருவர், “கிண்டல்தானே, இதற்குப் போய்ப் புகாரா?” என்று கேட்டபோதுதான், அந்தப் பெண் பட்ட துன்பத்தின் பெரும்பகுதியை என் சோம்பல் மறைத்துவிட்டது என்பது எனக்கு உறைத்தது.

அந்த மூன்று சொற்களும் ஒன்றல்ல. ‘டீஸ்’ என்பது கம்பளி இழைகளைப் பிரித்துச் சிக்கெடுப்பதைக் குறித்த பழைய ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்தது. மேடையில் பேசுபவரை இடைமறித்துத் தொல்லை கொடுப்பதைக் குறிக்கும் ‘ஹெக்கிள்’ என்ற சொல்லும் நார் சீவும் சீப்போடு தொடர்புடையது என்பது வியப்பான ஒற்றுமை. ‘டீஸ்’ அன்புள்ளவர்களிடையேயும் நடக்கலாம். ‘மாக்’ அப்படியன்று, அதில் ஏளனத்தோடு போலி செய்தலும் கலந்திருக்கிறது. மாதிரித் தேர்வை ‘மாக் டெஸ்ட்’ என்பதிலும் அந்தப் போலிப் பொருளே நிற்கிறது. ‘டான்ட்’ இன்னும் கொடியது. ஒருவருடைய குறையையோ தோல்வியையோ எடுத்துச் சொல்லி, அவர் கொதித்தெழவோ உடைந்துபோகவோ வேண்டும் என்ற நோக்கத்தோடு பேசுவது.

குத்தலாகப் பேசுவதற்கு இப்போது இளைஞர்கள் பெருமையோடு சொல்லிக்கொள்ளும் ‘சர்காஸம்’ என்ற சொல்லுக்கு வருகிறேன். அதன் வேர், சதையைக் கிழிப்பதைக் குறிக்கும் கிரேக்க வினைச்சொல். 16ஆம் நூற்றாண்டில் அது ஆங்கிலத்துக்குள் வந்தது. ஒருவரைப் புண்படுத்திவிட்டு, “சும்மா சர்காஸமாகச் சொன்னேன்” என்று விலகிக்கொள்பவர்கள் தங்கள் செயலை மறுக்கவில்லை, அதன் சரியான பெயரையே சொல்கிறார்கள் என்றுதான் நான் கருதுகிறேன். அதோடு வைத்துக் குழப்பப்படும் ‘ஐரனி’ வேறு. பாசாங்கைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்த அது, எதுவும் அறியாதவரைப் போலக் கேள்வி கேட்ட சாக்ரடீசின் முறைக்கும் பெயராயிற்று. எதிர்பார்ப்புக்கு நேர்மாறாக நடப்பதையும் அந்தச் சொல் குறிக்கும்; தீயணைப்பு நிலையமே தீப்பற்றி எரிந்தால் அது ‘ஐரனி’. அங்கே யாரும் யாரையும் தாக்கவில்லை. ‘சர்காஸம்’ என்றாலோ அடிபடுவதற்கு ஒருவர் வேண்டும். கசந்துபோன மனத்தின் சிரிப்பைச் சொல்லும் ‘சார்டானிக்’ என்ற சொல்லுக்குள், உண்டவரின் முகத்தைச் சிரிப்பதுபோல் கோணச்செய்து கொல்லும் சார்டினியாத் தீவுச் செடி ஒன்றைப் பற்றிய பழங்கால நம்பிக்கை ஒளிந்திருக்கிறது.

ஆங்கிலத்தில் இத்தனை நுட்பம் இருக்கிறது, தமிழில் இல்லை என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். வெளிப்படையாகப் பழிப்பதைச் செம்பொருள் அங்கதம் என்றும், பழியை மறைத்துச் சொல்வதைப் பழிகரப்பு அங்கதம் என்றும் பிரித்துப் பார்த்த மரபு நம்முடையது. கயவர்களும் தேவர்களைப் போன்றவர்களே, ஏனெனில் இருவரும் தாம் விரும்பியதையே செய்கிறார்கள் என்னும் 1073ஆம் குறளைப் பாருங்கள்; புகழ்ச்சியின் உடையில் வரும் பழிக்கு இதைவிடக் கூர்மையான சான்று எனக்குத் தெரியாது. அது தனியொருவரின் காயத்தைத் தேடிச் சென்று குத்தவில்லை, ஒரு குணத்தைச் சாடுகிறது என்பதையும் கவனிக்க வேண்டும். சீண்டல், நையாண்டி, எள்ளல், ஏளனம், எகத்தாளம், சாடைப்பேச்சு, சொல்லிக்காட்டுதல் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி எடை இருக்க, நாம்தான் எல்லாவற்றையும் ‘கிண்டல்’ என்னும் ஒரே சொல்லில் அடைத்துவிடுகிறோம். அந்தச் சொல்லுக்குள் போனதும் குற்றம் குறும்பாகிவிடுகிறது. வலித்தவரோ நகைச்சுவை உணர்வற்றவர் ஆகிவிடுகிறார்.

அந்தக் கடிதத்தை நான் மறுபடியும் மொழிபெயர்த்தேன். முதல் இடத்தில் ‘என் உடையைப் பற்றிப் பேசிச் சீண்டினார்’ என்றும், இரண்டாம் இடத்தில் ‘நான் பேசுவதைப் போலவே பேசிப் பழிப்புக் காட்டினார்’ என்றும், மூன்றாம் இடத்தில் ‘நான் கணவரைப் பிரிந்து வாழ்வதைப் பலர் முன்னிலையில் குத்திக்காட்டினார்’ என்றும் எழுதினேன். மூன்றும் நாம் நாள்தோறும் பேசும் தமிழ்தான். அகராதியைப் புரட்ட வேண்டிய தேவைகூட எனக்கு ஏற்படவில்லை.