அந்த முனகலை அழிக்க வேண்டாம்

எங்கள் கோயில் திருவிழா மேளக்கச்சேரியின் பழைய கசற் ஒன்றை, நன்கு தெரிந்த தம்பி ஒருவர் கணினியில் 'சுத்தம்' செய்து நேற்று அனுப்பியிருந்தார். அப்பா தவில்காரருக்கு அருகில் அமர்ந்து, ரெக்கோர்டரை மடியில் வைத்துப் பதிந்தது அது. கேட்டேன். கச்சான் விற்கும் ஆச்சியின் குரல் இல்லை, குழந்தையின் அழுகை இல்லை. நீண்ட தாளக் கோர்வை ஒன்று பிசகாமல் வந்து விழுந்தபோது கூட்டத்திலிருந்து எழுந்த 'ஆகா'வும் இல்லை. ஆளில்லாத அறையில் யாரோ தவில் வாசிப்பதுபோல் இருந்தது. தம்பியின் உழைப்பை மதிக்கிறேன். ஆனாலும் இரவு முழுவதும் மனம் ஆறவில்லை.

போரால் மூடப்பட்டிருந்த, யாழ்ப்பாணத்துக்கு வரும் ஏ9 பாதை 2002இல் திறந்தபின் ஜேர்மனியிலிருந்து வந்த சித்தப்பா எனக்கு ஓர் இசைத்தட்டைத் தந்துவிட்டுப் போனார். கீத் ஜாரெட் என்ற அமெரிக்கப் பியானோக் கலைஞர் 1975 ஜனவரி 24 இரவு ஜேர்மனியின் கேள்ன் நகர ஒப்பரா அரங்கில் தனியாக வாசித்த கச்சேரி. கையில் இசைக்குறிப்பு இல்லை. எதை வாசிப்பது என்ற முன்முடிவும் இல்லை. ஏற்பாடு செய்தவர் 18 வயதுப் பெண், வேரா பிராண்டெஸ். கேட்டிருந்த பெரிய பியானோவுக்குப் பதிலாக மேடையில் நின்றது போசென்டோர்ஃபர் நிறுவனத்தின் ஒரு சிறிய பியானோ. மேல்ஸ்தாயி தகரம்போல் ஒலித்தது, கீழ்ஸ்தாயியில் கனமில்லை, மிதிகளும் சரியாக இயங்கவில்லை. ஜாரெட்டுக்கோ கடும் முதுகுவலி. வாசிக்க மறுத்தவர், பிறகு மனம் மாறி இரவு பதினொன்றரை மணியளவில் மேடையேறினார்.

குறையுள்ள அந்தப் பியானோவே இசையின் போக்கை மாற்றியது. வலக்கை பெரும்பாலும் நடுஸ்தாயியில் உலவ, இடக்கை ஒரே வடிவத்தைத் திரும்பத் திரும்ப உருட்டிக் கனத்தை உண்டாக்குகிறது. முதற்பகுதியில் சேர்ந்தொலிக்கும் இரண்டே ஸ்வரக்கட்டுகளுக்கிடையே நிமிடக்கணக்காக நிற்கிறார். நாதஸ்வரத்துக்குப் பின்னால் ஒரே சுருதியை விடாமல் ஊதி ஒத்து பிடிப்பவரைக் கேட்டு வளர்ந்த எனக்கு அந்த இடக்கை அந்நியமாகப் படவேயில்லை.

இடையிடையே அவர் முனகுகிறார், காலால் தட்டுகிறார், தன்னை மறந்து கத்துகிறார். அந்த முனகல் பலருக்கு எரிச்சலூட்டும். எனக்கு அது உயிர். பியானோவில் கமகம் வராது. ஒரு கட்டைக்கும் அடுத்த கட்டைக்கும் இடையில் வழுக்கிச் செல்ல வழியில்லை. விரல் போக முடியாத அந்த இடைவெளிக்குள் அவருடைய தொண்டை போகிறது. அதை அழித்தால் கமகத்தையே அழித்ததாகும்.

ஸ்டூடியோப் பதிவு பிடிக்கவில்லையென்றால் மறுநாள் மீண்டும் வாசிக்கலாம். முன்கூட்டி எழுதாமல் அந்தக் கணத்தில் பிறக்கும் இசைக்கு மறுநாள் கிடையாது. அந்த இரவும் அந்த அரங்கும் அங்கிருந்தவர்களும் சேர்ந்ததுதான் அது. 2018இல் இரண்டு முறை பக்கவாதம் தாக்கி ஜாரெட்டின் இடப்பக்கம் பகுதியளவு செயலிழந்தது. அந்த இடக்கையை இனிப் பதிவுகளில் மட்டுமே கேட்கலாம். நம்முடைய கதையும் வேறல்ல. 1975இல் மறைந்த தவில் மேதை யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தியை என் வயதினர் கேட்பதெல்லாம் அன்று யாரோ அக்கறையோடு பதிந்துவைத்ததால்தான்.

மின்சாரமில்லாத தொண்ணூறுகளில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவைச் சுற்றிப் பாட்டுக் கேட்டவர்கள் நாங்கள். சுற்றுகிற கை தளர்ந்தால் ராகமும் தளரும். அப்படித்தான் இசை எங்களிடம் வந்து சேர்ந்தது. தூய ஒலி கேட்டு நாங்கள் ஏங்கியதில்லை.

யாழ்ப்பாணத்து அளவெட்டியிலும் இணுவிலிலும் வெளிநாடுகளிலும் பழைய மேளக் கசற்றுகளை வைத்திருப்பவர்களே, தயவுசெய்து அவற்றை முதலில் இருந்தபடியே கணினியில் ஏற்றி, அந்தப் பிரதியைத் தொடாமல் வையுங்கள். இரைச்சல் குறைப்பதென்றால் இன்னொரு பிரதியில் குறையுங்கள். பதிந்த கோயிலையும் ஆண்டையும் வாசித்தவர்களின் பெயர்களையும் தெரிந்தவரை எழுதிவையுங்கள். தம்பி, அந்த மூலக் கசற்றை நாளை வந்து வாங்கிக்கொள்கிறேன்.